மாதம் ஒரு ஞாயிறு போதுமா? பொது இடத்துப் பழமரங்களையும் பூம்பாத்திகளையும் தன்னார்வலர்கள் கவனிப்பது பற்றி

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான். உங்கள் குடியிருப்பைச் சுற்றிப் பொது இடத்தில் சில பழமரங்கள் இருக்கின்றன. சில பழையவை, சில நீங்களே நட்டவை. தெருமுனைகளில் பூம்பாத்திகளும் போட்டிருக்கிறீர்கள். பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி வேலை செய்கிறீர்கள். முதல் வருடம் எல்லாம் நன்றாகப் போனது. இப்போது இளமரங்களில் இரண்டு காய்ந்துவிட்டன, பெரிய மரத்தின் பழங்கள் புழு வைத்து உதிர்கின்றன, பாத்திகளைக் களை மூடிவிட்டது, வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். கடைசியில் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள்: என்ன உரம் போடலாம், எவ்வளவு கவாத்து, அதாவது கிளை வெட்டுவது, செய்யலாம்?

அந்த இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் விவரித்த பிரச்சினைகளில் ஒன்றுகூட உரத்தாலோ கவாத்தாலோ தீராது. நீங்கள் உண்மையில் கேட்பது, இவ்வளவு பேர் இவ்வளவு உழைத்தும் ஏன் கைகூடவில்லை என்பதைத்தான். தோட்டக்கலை படித்துவிட்டு, பல ஆண்டுகளாக இது போன்ற குழுக்களோடு வேலை செய்து வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் உழைப்பில் குறையில்லை, அது மாதத்துக்கு ஒரு முறை வருவதில்தான் சிக்கல். புதிதாக நட்ட மரத்தின் வேர்க்கட்டி வெயில் காலத்தில் சில நாட்களிலேயே காய்ந்துவிடும். பழ ஈக்கு வெப்பமான பருவத்தில் முட்டையிலிருந்து ஈயாவதற்கு மூன்று நான்கு வாரங்கள் போதும். பார்த்தீனியம் போன்ற களைகள் முளைத்து ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் பூத்துவிடும். இந்த மூன்றுமே உங்கள் ஒரு ஞாயிற்றுக்கும் அடுத்த ஞாயிற்றுக்கும் நடுவில் தங்கள் காரியத்தை முடித்துவிடுகின்றன. நீங்கள் ஒவ்வொரு முறையும் எல்லாம் முடிந்த பிறகு போய்ச் சேருகிறீர்கள்.

முதலில் காய்ந்த இளமரங்கள். நட்ட முதல் சில மாதங்களில் ஒரு கன்றின் வேர் அது வளர்ந்த பையின் அளவுக்குள்தான் இருக்கும். சுற்றியுள்ள மண் ஈரமாக இருந்தாலும் அந்த வேர்க்கட்டி காய்ந்து கிடக்கலாம். ஆகவே தண்ணீர் தண்டை ஒட்டிய அந்த வட்டத்தில் இறங்க வேண்டும். வேர் வெளியே பரவப் பரவ வட்டத்தை அகலப்படுத்திக்கொண்டே போக வேண்டும். தெருமரங்களுக்குப் பல நகரங்களில் சொல்லும் அளவு, முதல் இரண்டு கோடைகளுக்கு வாரம் ஏறத்தாழ 55 முதல் 75 லிட்டர். அது ஓரளவு வளர்ந்த மரமாகக் கொண்டுவந்து நட்டவற்றுக்கு. இடுப்பளவு கன்றுக்கு அவ்வளவு வேண்டாம், ஆனால் ஒரே நாளில் மொத்தமாக ஊற்றாமல் இரண்டு மூன்று தடவையாகப் பிரித்து ஊற்ற வேண்டும். மணல்மண்ணில் அடிக்கடி, களிமண்ணில் இடைவெளி விட்டு. கணக்கைவிட நம்பகமானது ஒரு குச்சி. பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குத்தி எடுத்துப் பாருங்கள். ஈரமண் ஒட்டியிருந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். வாளியின் அடியில் ஆணியால் ஒரு சிறு துளை போட்டு மரத்தடியில் வைத்துவிட்டால் தண்ணீர் ஓடிப்போகாமல் மெதுவாக இறங்கும். குழாயைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் பீய்ச்சுவதில் நனைவது பெரும்பாலும் மேல்மண்தான்.

காய்ந்த இரண்டையும் தூக்கி எறிவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். தண்டின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் இன்னும் உயிர் இருக்கிறது, விட்டுவைக்கலாம். நுனியிலிருந்து அடிவரை எங்கும் பழுப்பாக இருந்தால் செத்துவிட்டது. அப்படியானால் தோண்டி எடுத்து மண்ணைக் கழுவி வேரைப் பாருங்கள். வேர் பையின் வடிவத்திலேயே சுற்றிச் சுற்றி வந்திருந்தால், நடும்போது அந்தச் சுற்றை வெட்டிப் பிரித்துவிடவில்லை என்று அர்த்தம். வேர் கறுத்து, அழுகல் நாற்றம் அடித்தால் தண்ணீர் அதிகமாகத் தேங்கியிருக்கிறது. தண்டு விரிந்து வேராக மாறும் இடம் மண்ணுக்கு அடியில் ஒரு சாண் ஆழத்தில் இருந்தால், ஆழமாக நட்டதுதான் காரணமாக இருக்கும். இந்தக் கடைசித் தவறை நான் பார்த்த அளவுக்கு வேறு எதையும் பார்த்ததில்லை. மரம் விழாமல் நிற்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் ஆழக் குழி தோண்டி, தண்டைச் சுற்றி மண்ணைக் குவித்து மிதிப்பார்கள். பட்டை எப்போதும் ஈர மண்ணில் கிடந்தால் அழுகத் தொடங்கும். வேருக்கும் காற்று வேண்டும். செத்த மரத்தின் வேரைக் குழு மொத்தமாகக் கூடி நின்று பாருங்கள். அதைவிடப் பெரிய பயிற்சி வகுப்பு கிடையாது.

அடுத்தது புழு. எந்தப் புழு என்று முதலில் தெரிய வேண்டும். ஒரு பழத்தை அறுத்து, புழுவைத் தட்டில் போட்டுப் பாருங்கள். காலே இல்லாமல், தலை என்று தனியாகத் தெரியாமல், ஒரு முனை கூம்பி வெள்ளையாக இருந்தால் அது அநேகமாகப் பழ ஈயின் புழு. மா, கொய்யா, பீச் எதிலும் வரும். பழுப்புத் தலையும் சின்னச் சின்னக் கால்களும் இருந்தால் அது அந்துப்பூச்சியின் புழு. குளிர்ப் பிரதேசங்களில் ஆப்பிளைக் குடைவது பெரும்பாலும் காட்லிங் அந்துப்பூச்சியுடையது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. பழ ஈ தோலுக்கு அடியில் முட்டையிடுகிறது, புழு பழத்துக்குள் வளர்கிறது, பழம் விழுந்ததும் வெளியேறி மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் இறங்கிக் கூட்டுப்புழுவாகிறது. ஆகவே விழுந்த பழம் கீழே கிடக்கும் ஒவ்வொரு நாளும் அடுத்த தலைமுறைக்கு நீங்களே இடம் கொடுக்கிறீர்கள். காய்ப்புக் காலத்தில் வாரம் இரண்டு முறையாவது, முடிந்தால் தினமும் பொறுக்க வேண்டும். பொறுக்கியதை அப்படியே உரக்குழியில் போடாதீர்கள், புழு அங்கேயே வளர்ந்து வெளியே வரும். கெட்டியான கறுப்பு பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, ஒரு வாரத்துக்குக் குறையாமல் நல்ல வெயிலில் வையுங்கள். அல்லது அரை மீட்டருக்கு மேல் ஆழமாகப் புதையுங்கள். பிஞ்சு சற்றுப் பருத்ததும் காகிதப் பையோ துணிப் பையோ கட்டுவது உறுதியாகப் பலன் தரும். கைக்கு எட்டும் பழங்களுக்கு மட்டும் கட்டினாலே போதும்.

மெத்தில் யூஜினால் என்ற வாசனைப்பொருள் வைத்த ஈப்பொறியைப் பற்றி யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது ஆண் ஈக்களை மட்டும்தான் இழுக்கும், அதுவும் எல்லா இனங்களையும் அல்ல. முட்டையிடுவது பெண் ஈ. ஒரு மரத்தில் ஒரு பொறி தொங்கவிட்டால் ஈ வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளலாம், பழத்தைக் காப்பாற்ற அது மட்டும் போதாது. சுற்றுவட்டாரம் முழுக்கச் சேர்ந்து வைத்தால்தான் எண்ணிக்கை குறையும். அந்துப்பூச்சியாக இருந்தால் வேறு வழி. அதன் புழு மரப்பட்டை இடுக்குகளில் கூடு கட்டும் பழக்கமுடையது. நெளிநெளியான அட்டைப்பெட்டித் தாளைத் தண்டைச் சுற்றிக் கட்டி, சில வாரங்களில் எடுத்து அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம். இதுவும் குறைக்குமே தவிர ஒழிக்காது. எப்படியிருந்தாலும் உதிர்ந்ததைப் பொறுக்குவதுதான் இரண்டுக்கும் பொது.

இப்போது கவாத்து. இதில்தான் நல்ல மனதுள்ள குழுக்கள் மரத்துக்கு அதிகச் சேதம் செய்கின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நமக்குப் புண் ஆறுவது போல மரத்துக்கு ஆறாது. வெட்டுப்பட்ட திசுவை அது சரிசெய்வதில்லை. அதைச் சுற்றித் தடுப்பு எழுப்பி, அழுகல் உள்ளே பரவாமல் அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புதுக் கட்டையை வளர்த்துக்கொள்கிறது. அமெரிக்க வனத்துறையின் ஆராய்ச்சியாளர் அலெக்ஸ் ஷைகோ ஏராளமான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து இதை விளக்கினார். 1977-இல் வெளிவந்த அவருடைய அறிக்கைக்குப் பிறகு கவாத்து செய்யும் முறையே மாறிப்போனது. அதற்கு முன்னால் கிளையைத் தண்டோடு மட்டமாக வழித்து வெட்டி, மேலே தார் அல்லது பெயின்ட் பூசுவதுதான் வழக்கம். இரண்டுமே தவறு. கிளை தண்டோடு சேரும் இடத்தில் வளையமாகப் புடைத்திருக்கும் பாருங்கள், மரம் தடுப்பு எழுப்புவது அங்கிருந்துதான். அந்தப் புடைப்பை வெட்டக் கூடாது, அதற்குச் சற்று வெளியே வெட்ட வேண்டும். ரொம்ப வெளியே வெட்டிக் குச்சி நீட்டிக்கொண்டு இருந்தாலும் கெடுதல்தான், அது காய்ந்து அழுகலுக்கு வழிவிடும். பூச்சு தேவையில்லை. சில குறிப்பிட்ட நோய்கள் பரவும் இடங்களில் மட்டும் விதிவிலக்கு உண்டு, அதை உள்ளூர் தோட்டக்கலைத் துறையினர் சொல்வார்கள்.

கை விரலைவிடத் தடித்த கிளைக்கு மூன்று வெட்டு வேண்டும். தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி அடிப்பக்கமிருந்து கால்வாசி ஆழம் ஒரு வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து ஒரு வெட்டு, கிளை ஒடிந்து விழும், பட்டை தண்டுவரை உரிந்து வராது. கடைசியாக மிச்சமிருக்கும் குச்சியைப் புடைப்பின் ஓரமாக எடுப்பது. ஒரு வருடத்தில் பச்சையாக இருக்கும் கிளைகளில் கால்வாசிக்கு மேல் எடுக்கக் கூடாது. வயதான மரமானால் அதிலும் குறைவாக. மரத்தை உச்சியில் மொட்டையடித்தால் அது பதறிப்போய் நேராக மேல்நோக்கி நீர்ப்போத்துகள் எனும் நெட்டைத் தளிர்களை வரிசையாக விடும். அவை பல ஆண்டு காய்க்காது, பற்றும் பலவீனமாக இருக்கும், பருத்தபின் ஒடிந்து விழும். உயரம் குறைகிறதா என்று பார்த்தால் இரண்டு மூன்று வருடத்தில் பழைய உயரத்துக்கே வந்து நிற்கும்.

எப்போது வெட்டுவது என்பதற்கு எல்லா மரத்துக்கும் பொதுவான பதில் இல்லை. மாமரம் முதிர்ந்த கிளைநுனிகளில் பூக்கிறது. அறுவடை முடிந்த கையோடு வெட்டினால் புதுத்தளிர் வந்து முதிர்வதற்கு நேரம் கிடைக்கும். தள்ளிப்போட்டால் அடுத்த வருடப் பூவைத்தான் வெட்டுகிறீர்கள். கொய்யா புதுத்தளிரிலேயே காய்ப்பதால் வெட்டைத் தாங்கும். எலுமிச்சை வகைக்கு அதிகம் தேவையே இல்லை. ஆப்பிளையும் பேரியையும் இலையுதிர்ந்து ஓய்ந்திருக்கும் குளிர்காலத்தில் வெட்டலாம். செர்ரியையும் பிளம்மையும் அப்போது தொடக் கூடாது, ஈரக்குளிர் காலத்தில் வெட்டுவாய் வழியாகப் பூஞ்சை நோய் ஏறும், அவற்றுக்கு வறண்ட கோடைதான் சரி. பலா அடிமரத்திலும் பருத்த கிளைகளிலும் காய்க்கும். அதில் தண்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குட்டைக் காம்புகளை அழகுக்காக வழித்துவிட்டால் அடுத்த காய்ப்பில் ஒரு பகுதியையே வழித்துவிடுகிறீர்கள். பயிற்சி இல்லாத தன்னார்வலர்களுக்கு நான் அனுமதிப்பது நான்கை மட்டும்: காய்ந்த கிளை, முறிந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் இரண்டில் ஒன்று, ஒட்டுக்கட்டிய இடத்துக்குக் கீழே முளைக்கும் தளிர். இவற்றை எப்போது செய்தாலும் பெரிய தீங்கில்லை. மற்றதெல்லாம் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று, எந்தக் கிளை, ஏன் என்று சொன்ன பிறகு. நிறைய பேர் கூடிவிட்டோம், கத்தரியும் கையில் இருக்கிறது, ஏதாவது வெட்டுவோம் என்ற மனநிலை வரும் ஞாயிற்றுக்கிழமையில் கத்தரிகளைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருப்பது நல்லது. ஒரு நோய்ப்பட்ட மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகும்போது 70 சதவீத ஆல்கஹாலால் கத்தியைத் துடைக்க வேண்டும். மாமரத்தை வெட்டுகிறவர்கள் கையுறையும் கண்ணாடியும் போட வேண்டும், அதன் பால் பட்டுப் பலருக்குத் தோல் வெந்துபோகும்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி என்னைக் கவலைப்படுத்தியது. பழைய மரத்தின் அடியைச் சுற்றிச் செங்கல் அடுக்கி, மண் நிரப்பி, பூச்செடி வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். பார்க்க அழகாக இருக்கும், எல்லா ஊரிலும் இதைச் செய்கிறார்கள். ஆனால் மரத்தின் உறிஞ்சும் வேர்களில் பெரும்பங்கு மேல்மண்ணின் முதல் அரை மீட்டருக்குள்தான் இருக்கிறது, கிளைப்பரப்பையும் தாண்டி வெளியே ஓடுகிறது. அதன்மேல் ஒரு முழம் மண் கொட்டினால் வேருக்குக் காற்று குறைகிறது, தண்டின் பட்டை ஈரத்தில் புதைகிறது. ஒவ்வொரு பருவத்துக்கும் பூச்செடி மாற்றக் கொத்தும்போது மெல்லிய வேர்கள் அறுபடுகின்றன. மரம் உடனே வாடாது. ஐந்தாறு வருடம் கழித்து உச்சிக் கிளைகள் காயத் தொடங்கும்போது, இதற்கும் அந்தச் செங்கல் மேடைக்கும் தொடர்பிருக்கிறது என்று யாருக்கும் தோன்றாது. கொட்டிய மண்ணைக் கையாலும் சிறு கொத்தாலும் மெதுவாக எடுத்து, தண்டு விரியும் இடம் வெளியே தெரியும்படி செய்யுங்கள். எடுக்கும்போது பழைய மண்மட்டத்துக்குக் கீழே போக வேண்டாம். பிறகு அந்த வட்டத்தில் காய்ந்த இலை, மரச்சீவல் எதையாவது 5 முதல் 10 சென்டிமீட்டர் கனத்துக்கு மூடாக்காகப் பரப்புங்கள். தண்டிலிருந்து ஒரு சாணாவது தள்ளியே பரப்ப வேண்டும், தண்டில் முட்டுக்கொடுத்துக் குவிக்கக் கூடாது. மரச்சீவல் மண்ணின் சத்தை இழுத்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. மண்ணோடு கலந்தால் நைட்ரஜன் கொஞ்ச காலம் குறையும் என்பது உண்மை, மேலாகப் பரப்பினால் அப்படி ஆவதில்லை. அங்கே பூ வேண்டுமென்றால், ஒரு முறை நட்டால் பல வருடம் இருக்கும் நிழல் தாங்கும் சின்னச் செடிகளை, தண்டிலிருந்து தள்ளி, வேர்களுக்கு நடுவே கிடைக்கும் இடத்தில் வையுங்கள். மரத்தில் கட்டியிருக்கும் கம்பி, கயிறு, அலங்கார விளக்கு எல்லாவற்றையும் அதே நாளில் அவிழ்த்துவிடுங்கள். தண்டு பருக்கப் பருக்க அவை பட்டைக்குள் இறங்கி, இலையிலிருந்து வேருக்குப் போகும் உணவை அறுத்துவிடும். புல்வெட்டும் நைலான் கயிறு இயந்திரம் இளமரத்தின் தண்டில் பட்டாலும் இதே கதிதான்.

பூம்பாத்திகளில் எனக்குத் தெரிந்த உறுதியான விதி ஒன்றே ஒன்று: தண்ணீர் ஊற்ற முடிகிற அளவுக்குத்தான் பாத்தி. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். வழக்கமான பூச்செடிப் பாத்திக்கு வெயில் காலத்தில் வாரம் 25 மில்லிமீட்டர் அளவு நீர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், பத்துச் சதுர மீட்டர் பாத்திக்கு வாரம் 250 லிட்டர், அதாவது இருபத்தைந்து வாளி. மழையில்லாத வாரத்தில் அந்த இருபத்தைந்து வாளியை யார் சுமப்பது என்று பெயர் சொல்ல முடியவில்லையென்றால் பாத்தி பெரிதாகிவிட்டது. பாதியைப் புல்லுக்கோ வறட்சி தாங்கும் புதருக்கோ விட்டுவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. களைக்கு வழி, அது பூக்கும் முன்னால் எடுப்பது. மண்ணை ஆழமாகக் கிளறாதீர்கள், பல வருடம் அடியில் உறங்கிக்கிடந்த விதைகளை நீங்களே வெளிச்சத்துக்குக் கொண்டுவருவீர்கள். செடிகளை நெருக்கமாக நட்டு வெறும் மண் தெரியாமல் செய்தால் களை பாதியாகக் குறையும். ஆனால் வெயில் படும் ஒரு மூலையை மட்டும் மூடாக்கு இல்லாமல் வெறுமனே விட்டுவைக்கச் சொல்வேன். உலகத்தில் உள்ள தேனீ இனங்களில் பெரும்பான்மை கூட்டமாக வாழ்வதில்லை, தனித்தனியாக மண்ணில் துளையிட்டு முட்டையிடுபவை. உங்கள் பழமரங்களுக்கு மகரந்தம் சுமப்பவற்றில் அவையும் உண்டு.

சரி, உரம். மண் பரிசோதனை செய்யாமல் எதையும் போட வேண்டாம் என்பதே என் பதில். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு பரிசோதனை போதும். பொது இடங்களில் எல்லோரும் ஆர்வமாகத் தொழுவுரமும் கலப்பு உரமும் கொட்டிக் கொட்டிப் பாஸ்பரஸ் தேவைக்கு மேல் சேர்ந்துபோன மண்ணைத்தான் அதிகம் பார்க்கிறோம். அளவுக்கு மீறிய நைட்ரஜன் இலையை வளர்த்துக் காயைக் குறைக்கும், மென்மையான தளிரை, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்கு விருந்தாக்கும். வருடத்துக்கு ஒரு முறை ஒரு விரல் கனத்துக்கு மக்கிய உரம் மேலாகப் பரப்பினால் பெரும்பாலான பாத்திகளுக்குப் போதும். இதுவரை சொன்னவை நன்றாக நிரூபிக்கப்பட்டவை. சந்தேகத்துக்குரியவற்றையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். மக்கிய உரத்தை ஊறவைத்துத் தெளிக்கும் கரைசல் நோயைத் தடுக்கும் என்பதற்குக் கிடைத்திருக்கும் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. எப்சம் உப்பு மக்னீசியம் குறைந்த மண்ணில் உதவும், மற்ற இடத்தில் வீண். வேரோடு சேர்ந்து வாழ்ந்து உதவும் பூஞ்சை என்று பாக்கெட்டில் விற்கும் வேர்ப்பூஞ்சைப் பொடி சாதாரண மண்ணில் பெரும்பாலும் எந்த மாற்றமும் செய்வதில்லை, அங்கே ஏற்கெனவே பூஞ்சை இருக்கிறது. இந்தச் செடியை அந்தச் செடிக்குப் பக்கத்தில் நட்டால் பூச்சி வராது என்ற பட்டியல்களில் சில உண்மை, பல வெறும் வழக்கு. செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களைத் தடுக்காதீர்கள், பாதிப் பாத்தியில் மட்டும் செய்து மீதியோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பூச்சிமருந்து தெளிப்பதைத் தன்னார்வக் குழு தன் கையில் எடுக்க வேண்டாம். பொது இடத்தில் தெளிக்கப் பல நாடுகளில் உரிமம் வேண்டும், குழந்தைகள் நடமாடும் இடம் வேறு. வேப்பெண்ணெய்கூடப் பூத்திருக்கும் நேரத்தில் தேனீக்கள் மேல் நேரடியாகப் பட்டால் கெடுதல்தான். சாலையோரப் பழத்தைச் சாப்பிடலாமா என்று யாரோ பயந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். பழைய கட்டடங்களும் வாகன நெரிசலும் உள்ள இடத்து மண்ணில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. ஆனால் மரம் அதை வேரிலிருந்து பழம்வரை கொண்டுபோவது மிகக் குறைவு. ஆபத்து பழத்தின்மேல் படியும் தூசியிலும், மண் அளைந்த கையிலும், அதே மண்ணில் வளரும் கீரை, கிழங்கிலும்தான் அதிகம். பழத்தை நன்றாகக் கழுவுங்கள், வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள், மண் பரிசோதனையில் ஈயத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி ஆட்கள். நான் பார்த்த குழுக்களில் நிலைத்தவற்றுக்கும் கலைந்தவற்றுக்கும் உள்ள வித்தியாசம் ஆர்வத்தில் இல்லை, வேலையைப் பிரித்த விதத்தில் இருந்தது. ஒவ்வொரு மரத்துக்கும் ஒவ்வொரு பாத்திக்கும் பக்கத்திலேயே வசிக்கும் இருவரைப் பொறுப்பாக்குங்கள். ஒருவர் போதாது, அவர் ஊருக்குப் போனால் மரம் காயும். அவர்கள் வாரத்தில் இரண்டு முறை பத்து நிமிடம் போய்ப் பார்க்க வேண்டும்: குச்சியைக் குத்திப் பார்த்துத் தேவையானால் தண்ணீர் ஊற்றுவது, உதிர்ந்ததைப் பொறுக்குவது, பூக்கப்போகும் களையைப் பிடுங்குவது, பார்த்ததை ஒரு பொது நோட்டில் ஒரு வரி எழுதுவது. மாதக் கூட்டத்தைக் கைவிட வேண்டாம், அதன் வேலையை மாற்றுங்கள். மூடாக்கு பரப்புவது, மண் அள்ளுவது, பை கட்டுவது, அறுவடை என்று பல கைகள் சேர்ந்து செய்ய வேண்டியவற்றை அதற்கு ஒதுக்குங்கள். புதிதாக வருகிறவருக்கு முதல் நாளே ஒரு குறிப்பிட்ட மரத்தைக் காட்டி, இது உங்களுடையது என்று சொல்லுங்கள். வந்து, நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பிப் போனவர் மறுபடி வருவதில்லை.

பழம் யாருக்கு என்பதைப் பழுக்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள், பழுத்த பிறகு பேசினால் மனக்கசப்பு வரும். டொராண்டோவில் 2008-இல் தொடங்கி, வீட்டுத் தோட்டங்களில் வீணாகும் பழங்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு பறித்த ஒரு அமைப்பு எளிமையான கணக்கு வைத்திருந்தது: மூன்றில் ஒரு பங்கு மரத்துக்காரருக்கு, ஒரு பங்கு பறித்தவர்களுக்கு, ஒரு பங்கு உணவு தேவைப்படுவோருக்கு உதவும் நிறுவனங்களுக்கு. உங்கள் மரங்கள் பொது இடத்தில் இருப்பதால் வழிப்போக்கர்களின் பங்கும் சேரும். கைக்கெட்டும் கிளைகளை யாரும் பறிக்கலாம், அதற்கு மேலுள்ளவை குழுவின் அறுவடைக்கு என்று வைத்துக்கொள்ளலாம். இடத்துக்குச் சொந்தமான அமைப்பிடம் எழுத்தில் அனுமதி வாங்குவதும் அப்படித்தான், முன்னாலேயே செய்ய வேண்டியது. எதை நீங்கள் செய்யலாம், எதை அவர்கள் செய்வார்கள், ஒருவருக்கு அடிபட்டால் யார் பொறுப்பு என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். சட்டம் இடத்துக்கு இடம் மாறும், அதில் என் கருத்தை நம்ப வேண்டாம், உள்ளூரில் கேளுங்கள்.

பாதுகாப்பில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. தன்னார்வலர்களின் இரண்டு காலும் தரையில் இருக்க வேண்டும். ஏணி, இயந்திர ரம்பம், மின்கம்பிக்கு அருகில் உள்ள கிளை, தோளுக்கு மேல் தூக்கி அறுக்க வேண்டிய கனமான கிளை எல்லாமே தகுதி பெற்ற மர வல்லுநரின் வேலை. பழைய மரத்தின் அடியில் காளான் போல எதுவும் முளைத்திருக்கிறதா, தண்டில் புது வெடிப்பு இருக்கிறதா, மரம் சமீபத்தில் சாய்ந்து ஒரு பக்க மண் எழும்பியிருக்கிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் அடியில் யாரையும் உட்கார விடாமல் வல்லுநரைக் கூப்பிடுங்கள். தண்டில் பொந்து இருப்பது மட்டும் பயப்படக் காரணமில்லை. மரத்தைத் தாங்குவதும் தண்ணீர் கொண்டுபோவதும் பெரும்பாலும் வெளிவட்டக் கட்டைதான், பொந்தோடு பல பத்தாண்டுகள் நிற்கும் மரங்கள் உண்டு. ஆனால் உங்கள் மரம் அந்த வகையா என்பதைத் தூரத்திலிருந்து எழுத்தில் படித்து யாராலும் தீர்மானிக்க முடியாது, நானும் தீர்மானிக்க மாட்டேன்.

பழைய மரத்தைப் பற்றி மேற்கொண்டு கேட்பதாக இருந்தால் மரத்தின் பெயர், அடிமரம் மண்ணில் இறங்கும் இடத்தின் படம், பழைய வெட்டுகளின் கிட்டப்படம், இந்த வருடத் தளிர் எத்தனை சென்டிமீட்டர் நீண்டிருக்கிறது என்ற அளவு, அறுத்த பழத்தில் இருந்த புழுவின் படம், இவ்வளவும் அனுப்புங்கள். செங்கல் மேடையை எடுப்பதற்கு மட்டும் என் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம், வரும் ஞாயிறே தொடங்கிவிடலாம்.